டோக்கன் கொடுத்து உட்காரவைக்கும் நாடகம்: அதிகாரத்தைப் பற்றி ஓர் உள்நுழை அரங்கை அமைப்பது எப்படி?

அதிகாரத்தைப் பற்றிய நம் நாடகங்களில் பெரும்பாலானவற்றில் மேடையில் ஒருவர் மிரட்டுவார், இன்னொருவர் அடங்கிப் போவார், கீழே இருப்பவர்கள் அதைப் பார்த்து வருந்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த அடங்கிப்போதல் பார்வையாளரின் உடம்பிலேயே நிகழ வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு உரியது, நகரங்களில் ‘இம்மர்சிவ் தியேட்டர்’ என்று சொல்லப்படும் வகை. நான் அதை உள்நுழை நாடகம் என்று எழுதுகிறேன். இதில் மேடையும் கிடையாது, இருக்கை வரிசையும் கிடையாது. வந்தவர்கள் கதை நடக்கும் இடத்துக்குள்ளேயே நடமாடுவார்கள், அவர்களுக்கும் ஒரு வேலையோ ஓர் எண்ணோ ஒரு காத்திருப்போ ஒதுக்கப்பட்டிருக்கும். தருமபுரியில் பென்னாகரம் சாலையை ஒட்டிய ஒரு பழைய புளிக் கிடங்கில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து இப்படி ஒரு நாடகத்தை நடத்தினோம். சிறிய ஊரில், கைக்காசைப் போட்டு இதைச் செய்ய விரும்பும் குழுக்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கூத்திலிருந்து தொடங்குங்கள்

இந்த வகைக்கு முன்னுதாரணமாக 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட பஞ்ச்டிரங்க் குழுவைச் சொல்வார்கள். ஷேக்ஸ்பியரின் மேக்பத் கதையை ஒரு பெரிய கட்டடத்தின் பல மாடிகளில் பரப்பிவைத்து, வந்தவர்களுக்கு முகமூடி மாட்டி, வாய் திறக்காமல் விருப்பப்பட்ட அறைக்குள் போய்ப் பார்க்கவிட்ட அவர்களுடைய ‘ஸ்லீப் நோ மோர்’ நியூயார்க்கில் 2011-இல் தொடங்கி 2025-இன் தொடக்கம் வரை ஓடியது. முகமூடி போட்டவுடன் மனிதர்களுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது என்பது அதன் சூட்சுமம். அந்த முகமூடியை இங்கே கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நியூயார்க்கில் பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது. தருமபுரியில் பக்கத்தில் நிற்பவர் உங்கள் மகளுக்குக் கணக்கு நடத்திய ஆசிரியராகவோ உரக்கடைக்காரராகவோ இருப்பார். நாம் பணிந்து நிற்பதைத் தெரிந்த ஒருவர் பார்க்கிறார் என்ற கூச்சம்தான் இங்கே நமக்குக் கிடைக்கும் பெரிய கருவி; முகமூடி போட்டால் அது போய்விடும்.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு உள்ளே நுழைவது புதிதல்ல. அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் கம்பத்தில் ஏறிப் பாடிக்கொண்டே எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் வீசும்போது, கீழே முந்தானையை ஏந்தி நிற்கும் பெண்களைப் பார்வையாளர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கிறது. அங்கே கூத்து ஆடும் களரி எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. ஆனால் நம் வேலைக்கு இவற்றைவிட முக்கியமான பாடம் துகிலுரிதல் இரவில் இருக்கிறது. பல இடங்களில் துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கைவைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடமும் சபையிடமும் பிழை பொறுக்கச் சொல்லி வணங்கிய பிறகே மேற்கொண்டு ஆடுவார். அந்தக் கொடுமையின் வேகம் இதனால் குறைவதில்லை. அனுமதி கேட்டுவிட்டுச் செய்வதால்தான் அவரால் அவ்வளவு தூரம் போக முடிகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே நான் சொல்லப்போகும் பாதி விஷயங்கள் தாமாகவே விளங்கிவிடும். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு கூத்து வாத்தியாரை ஒத்திகைக்கு அழைத்து ஒரு நாள் பேசவிடுங்கள். திருவிழாக் காலத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்பதால் நாளை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்வது

புதிய குழுக்கள் நேராகச் சர்வாதிகாரிக்குப் போய்விடுகின்றன. பூட்ஸ் சத்தம், தேடுவிளக்கு, ஒலிபெருக்கியில் கட்டளை என்று அமைத்தால் பார்வையாளர் சினிமாவில் பார்த்ததை மறுபடியும் பார்த்து ரசிப்பாரே தவிர, தன் கையிலிருந்து எதுவும் நழுவியதாக உணர மாட்டார். அவர் அன்றாடம் சந்திக்கும் சிறிய அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர், பட்டியலை வைத்திருப்பவர், வாசலில் நின்று யார் உள்ளே போகலாம் என்று முடிவுசெய்பவர். எங்கள் நாடகத்தில் வந்திருந்த 24 பேரும், தாங்கள் இருக்கும் வீட்டில் தாங்கள்தான் இருக்கிறோம் என்று ஒரு சான்று வாங்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நடத்துபவர்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைந்த சபையில், படிவம் மட்டும் கடினமான அலுவலகத் தமிழில் இருந்தால் யார் யாருக்கு வாசித்துக் காட்டுகிறார் என்பதிலேயே ஓர் அதிகாரம் உருவாகிவிடும். அதற்குத் தனியாக வசனம் எழுத வேண்டியதில்லை.

தொடக்கூடாதது ஒன்று உண்டு. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் அதிகாரத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் யாராவது வாச்சாத்தியை எடுப்பார்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடியதும், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதும், குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு நடந்த காலத்திலேயே 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் உறுதிசெய்ததும் பதிவான வரலாறு. அதைப் படியுங்கள், குழுவுக்குள் பேசுங்கள். ஆனால் ஓர் இருட்டறைக்குள் பார்வையாளரை நிறுத்தி அந்த நாளை அவருக்கு ‘அனுபவமாக’க் கொடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். அதை அனுபவித்தவர்கள் அரூர்ப் பக்கம் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வேதனையை 50 நிமிடம் வாடகைக்கு எடுத்துவிட்டு வெளியே வந்து தேநீர் குடிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. எங்கள் குழுவில் இதற்காக ஒரு மாலை முழுவதும் சண்டை போட்டோம். நான் சொன்னதே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

இடமும் ஜன்னலும்

கிடங்கு, மூடிய அரிசி மில், கல்யாண மண்டபத்தின் பந்தி அறை, கோடை விடுமுறையில் பள்ளி என்று எது கிடைத்தாலும் சரி; வாசல் இரண்டு இருக்க வேண்டும், ஒன்றுக்கும் பூட்டுப் போடக்கூடாது. அறையின் பழைய வாசனையைப் போக்காதீர்கள். எங்கள் கிடங்கில் ஏறியிருந்த புளி வாசனை எத்தனை முறை கழுவியும் போகவில்லை. கடைசியில் அதுவே, எப்போதோ எதற்கோ காத்திருந்த ஓர் இடத்தின் வாசனையாகப் பலருக்குத் தோன்றியது.

செலவு செய்வதாக இருந்தால் ஜன்னலுக்குச் செய்யுங்கள். பிளைவுட் தடுப்பில் நாங்கள் வெட்டிய ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து நாலரை அடியில் இருந்தது. அதனால் சராசரி உயரமுள்ள எவரும் குனியாமல் உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது. உள்ளே இருப்பவரோ நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருப்பார். எழுத்தர் வேடக்காரர் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே எதிரில் இருப்பவரின் முதுகு வளைந்துவிடும். நாங்கள் முதலில் மூன்று பக்கத்துக்கு எழுதிவைத்திருந்த அதட்டல் வசனத்தை இந்த நாலரை அடி தேவையற்றதாக்கிவிட்டது. 24 பேருக்கு 14 பேர் உட்காரும் அளவுக்கு மட்டும் பெஞ்சு போடுவதும் இதே மாதிரி வேலை செய்யும். குடிதண்ணீரையும் கழிப்பறையையும் மட்டும் இந்த விளையாட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவை எல்லோருக்கும், எந்நேரமும், கேட்காமலே கிடைக்க வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது

ஒருவரிடமிருந்து கட்டுப்பாட்டை ஒரே பிடுங்காகப் பிடுங்கினால் அவர் எதிர்ப்பார், அல்லது சிரிப்பார். அவர் தானே கொடுப்பதாக நினைக்கும்படி சிறுசிறு துண்டாக வாங்க வேண்டும். எங்கள் நாடகத்தில் முதல் பத்து நிமிடத்தில் நடந்ததெல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. செருப்பை வெளியே விடச் சொன்னோம். கோயிலுக்கும் வீட்டுக்கும் பழகிய கால்கள் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கைபேசியை ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டு அவரவர் கையிலேயே கொடுத்தோம். பை தன்னிடமே இருந்தும் அவிழ்க்கக்கூடாது என்பதுதான் அங்கே நுட்பம். பிறகு பெயரை எழுதி வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தோம், அதன் பிறகு நடிகர்கள் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. டோக்கன்களை வரிசைப்படி கூப்பிடவும் இல்லை. 4, 11, 2, 19 என்று போகும். 17 மட்டும் கூப்பிடப்படவே மாட்டாது. 17-ஐ வைத்திருப்பவர் முதலில் மற்றவர்களோடு பேசிக்கொண்டிருப்பார், பிறகு பேச்சைக் குறைப்பார், பிறகு டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நாடகம் நடந்த ஒவ்வொரு முறையும் இதே ஒழுங்கில் இது நடந்தது.

நடிகர்கள் கத்தக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் உளவியலாளர் மில்கிராம் தொடங்கிய சோதனைகளில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைக்கப்பட்ட 40 பேரில் 26 பேர், அதிகபட்சமான 450 வோல்ட் வரை விசையை அழுத்தினார்கள். அவர்களை யாரும் மிரட்டவில்லை. தயங்கும்போதெல்லாம் தொடருங்கள் என்று நிதானமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. நம் அலுவலக மொழியில் இதற்கு ஈடான வாக்கியங்கள் ஏராளம். “சர்வர் டவுன், உக்காருங்கம்மா, கூப்பிடறோம்.” “ஐயா மீட்டிங்ல இருக்காரு.” “இந்த ஜெராக்ஸ் செல்லாதுங்க, நாளைக்கு வாங்க.” இவற்றைச் சலிப்பாக, இரக்கமும் கொஞ்சம் கலந்து சொல்ல நடிகர்களைப் பழக்குங்கள். கோபத்தை எதிர்த்து நிற்கத் தெரிந்தவர்களுக்குக்கூடச் சலிப்பை எதிர்த்து என்ன செய்வதென்று தெரிவதில்லை.

அடுத்த படி, அதிகாரத்தில் ஒரு துண்டைப் பார்வையாளருக்கே கொடுப்பது. பாதி நேரம் போன பிறகு எழுத்தர் வெளியே வந்து, வரிசையில் நிற்கும் ஒருவரிடம் “அண்ணா, கொஞ்சம் லைனைப் பார்த்துக்குங்க” என்று சொல்லி ‘வரிசை ஒழுங்கு’ என்று எழுதிய பட்டையைச் சட்டையில் குத்திவிட்டுப் போவார். இதற்கு மேல் எந்தக் கட்டளையும் கிடையாது. பட்டை கிடைத்தவர்களில் சிலர் வெட்கப்பட்டுக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். பலர் ஐந்து நிமிடத்துக்குள் அடுத்தவரின் தோளைத் தொட்டுப் பின்னால் தள்ளத் தொடங்கினார்கள். இந்தக் கட்டத்தை நடிகர் ஒருவர் விலகி நின்று கண்கொட்டாமல் கவனிக்க வேண்டும். 1974-இல் நேப்பிள்ஸ் நகரில் மரினா அப்ரமோவிச் என்ற கலைஞர் 72 பொருள்களை மேசையில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குத் தன்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அறிவித்துவிட்டு அசையாமல் நின்றார். பூவும் தேனும் கொடுத்துத் தொடங்கிய கூட்டம் பிறகு அவருடைய உடைகளைக் கத்தரித்தது, தோலைக் கீறியது. குண்டு போட்ட துப்பாக்கியும் அவரை நோக்கிப் பிடிக்கப்பட்டது. அவர் தன்னைப் பணயம் வைத்தார், அது அவருடைய விருப்பம். நாம் பணயம் வைப்பது டிக்கெட் வாங்கி வந்த 24 பேரை. ஆகவே பட்டைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆயுள் வேண்டாம். யார் மேலாவது கை பலமாகப் பட்டால் எழுத்தர் உடனே வெளியே வந்து “குடுங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்” என்று பட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அனுமதியும் வெளியேறும் வழியும்

நாங்கள் தவறு செய்த இடம் இது. மூன்றாவது முறை நாடகம் நடந்தபோது, ஏறத்தாழ எழுபது வயதுள்ள ஓர் அம்மா ஜன்னலில் குனிந்து நின்றார். “ஆவணம் குடுங்க” என்பது வசனம். நுழைவாயிலில் நாங்கள் கொடுத்த தாளை நீட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அவரோ இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து தன் உண்மையான ரேஷன் ஸ்மார்ட் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். நடிகர் பழக்க தோஷத்தில் அதை மேசை டிராயருக்குள் போட்டு மூடி, “சார் வந்ததும் பார்ப்பாரு, உக்காருங்க” என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு இருபது நிமிடம் அந்த அம்மா நாடகத்தைப் பார்க்கவில்லை, டிராயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வந்து, தன் பேரன் வயதுள்ள அந்த நடிகரிடம், “சாமி, கார்டு குடுத்துருவீங்கல்ல?” என்று கேட்டார். அவருக்கு அது நாடகமாகவே இருக்கவில்லை. அன்று இரவே நாங்கள் மூன்று மாற்றங்களைச் செய்தோம்.

முதலாவது, நுழைவாயிலில் வேடம் இல்லாத ஒருவர் நின்று, உள்ளே காக்கவைக்கப்படுவீர்கள், குரல்கள் வரும், யாரும் உங்களைத் தொட மாட்டார்கள், உங்கள் சொந்தப் பொருள் எதையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்பதை எழுத்தில் கொடுக்காமல் வாயால் சொல்கிறார். இதனால் சுவாரசியம் கெட்டுவிடும் என்று பயந்தோம், கெடவில்லை; கற்பூரம் ஏற்றிய பிறகும் துகிலுரிதலில் சபை கலங்குகிறது அல்லவா. இரண்டாவது, ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு வெள்ளைக் கயிறு கட்டுகிறோம். அதை அவிழ்த்துக் கையில் பிடித்தால் அருகிலிருக்கும் நடிகர் வேடத்தை விட்டு, பெயரைக் கேட்டு, பின்வாசல் வழியாக வெளியே அழைத்துப் போய்த் தேநீர் கொடுத்து உட்காரவைப்பார். மஞ்சள் கயிறு வேண்டாம், அதற்கு நம் ஊரில் வேறு அர்த்தங்கள் உண்டு. கயிற்றை அவிழ்ப்பவரை எந்த நடிகரும் கேலி செய்யவோ சமாதானப்படுத்தவோ கூடாது. நாடகத்துக்குள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளலாம், இந்தக் கயிற்றைத் தவிர. மூன்றாவதாக, டிராயரையே எடுத்துவிட்டோம்.

சட்டமும் செலவும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி முன் அனுமதி பெற வேண்டும் என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் கூட்டம் கூடுவதைக் காவல் நிலையத்தில் ஒரு கடிதமாகக் கொடுத்துவிடுவது நல்லது, ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது. பிளைவுட், பெஞ்சு வாடகை, விளக்கு, தேநீர் தவிர எங்களுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தீயணைப்பான் ஒன்றைக் கட்டாயம் வாங்கிவையுங்கள்.

ஒத்திகை

உள்நுழை நாடகத்தை நடிகர்கள் தங்களுக்குள் மட்டும் ஒத்திகை பார்த்து ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் முக்கியப் பாத்திரம் அங்கே இருப்பதில்லை. நான்காவது ஒத்திகையிலிருந்தே தெரியாதவர்களை, குறிப்பாகச் சீக்கிரம் கோபப்படுகிறவர்களையும் எதற்கும் கேள்வி கேட்கிறவர்களையும் அழைத்து வாருங்கள். பிரேசில் நாட்டு நாடகக்காரரான அகஸ்தோ போவால் தன் ஒடுக்கப்பட்டோர் அரங்கில், பார்ப்பவரே காட்சிக்குள் வந்து அதன் போக்கை மாற்றும்படி செய்து, இரு தரப்புக்கும் நடுவில் ‘ஜோக்கர்’ என்ற ஒருவரை நிறுத்தினார். நமக்கு அந்த வேலைக்குக் கூத்தின் கட்டியங்காரன் இருக்கிறார். கதைக்குள்ளும் வெளியேயும் சுலபமாகப் போய்வருபவர், அரசனைக் கேலி செய்யவும் சபையிடம் பேசவும் உரிமை உள்ளவர். எங்கள் நாடகத்தில் அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டுவரும் பையனாக அவர் வருகிறார். யார் முகம் வாடுகிறது, யார் கயிற்றைத் தடவிக்கொண்டிருக்கிறார் என்று பார்ப்பதே அவருடைய உண்மையான வேலை. குழுவிலேயே அனுபவம் மிக்கவருக்கு இந்த வேடத்தைக் கொடுங்கள்.

கடைசிக் காட்சி

எழுத்தர் மணியைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். விளக்கு அணையாது, கதவு மூடாது. ஜன்னலின் உள்பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், மைப்பெட்டியும் ரப்பர் ஸ்டாம்பும் கிடக்கும். இதற்குப் பிறகு நடிகர்கள் எதுவும் செய்யக்கூடாது, கட்டியங்காரனும் கூடத்தான். என்ன நடக்கும் என்று தெரியாத நிலையில் குழு பொறுமையாக நிற்பது மிகவும் கடினம். எங்களில் இருவர் முதல் நாளில் தாங்க முடியாமல் உள்ளே புகப் பார்த்தார்கள், இழுத்துப் பிடித்தோம். அன்று யாரும் ஸ்டாம்பைத் தொடவில்லை, பதினோரு நிமிடம் கழித்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

ஐந்தாவது முறை நாடகம் நடந்தபோது 17-ஆம் எண்ணை வைத்திருந்த ஒரு கல்லூரி மாணவி எழுந்து போய், கையை உள்ளே விட்டு, தன் தாளில் தானே முத்திரை குத்திக்கொண்டார். கிடங்கு முழுவதும் சிரிப்பும் கைதட்டலும். எல்லோரும் தாளோடு ஜன்னலை நோக்கி நெருங்கியபோது, அவர் ஸ்டாம்பைக் கையில் வைத்துக்கொண்டு தடுப்புக்கு உள்பக்கம் போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, “ஒவ்வொருத்தரா வாங்க, டோக்கனைக் காட்டுங்க” என்றார். சபையும் வரிசையில் நின்றது. சில நொடிகள் கழித்துத்தான் அவருக்கே அது உறைத்து, ஸ்டாம்பை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்துக்கொண்டார். இப்படி ஒரு காட்சியை எழுதி நடிக்கவைக்க நினைக்காதீர்கள். நாற்காலியைக் காலியாக விட்டு, காத்திருக்க நேரம் ஒதுக்குங்கள். அதற்காக நாடகத்தை அடுத்த முறை தொடங்குவதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வைத்து டிக்கெட் கொடுக்க வேண்டியிருக்கும்.